குழந்தைகளோடு வானம் பார்க்க எந்த ஆய்வகம்? முதலில் நிலாவைப் பாருங்கள்

பயணத்தில் ஒரு ராத்திரியை நட்சத்திரம் பார்க்க ஒதுக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் நாம் செய்கிற முதல் காரியம், போகிற பக்கத்தில் எந்த வானியல் ஆய்வகத்தில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது என்று தேடுவது. தேடினால் வந்து நிற்பதும் பெரியதுதான்: மலை உச்சி, வெள்ளைக் குவிமாடம், எட்டு மீட்டர் பத்து மீட்டர் கண்ணாடி, பின்னால் பால்வீதி. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஊருக்குள் இருக்கும் சின்ன ஆய்வகம் யார் கண்ணிலும் படாது.

தொலைநோக்கியின் அளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. நீங்கள் அங்கே இருக்கப்போகும் நாட்களில் நிலா எந்த நிலையில் இருக்கும்? வீட்டுக் கடைக்குட்டி எத்தனை மணிவரை அழாமல் விழித்திருக்கும்? அந்தத் தொலைநோக்கியில் நாமே கண்ணை வைத்துப் பார்க்க விடுவார்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

நம் முன்னால் இருப்பவை மொத்தம் நான்கு வழிகள். ஆராய்ச்சி நடக்கும் மலை உச்சி ஆய்வகம், ஊருக்குள்ளோ ஊரை ஒட்டியோ இருக்கும் பொது ஆய்வகம், இருட்டான இடத்தில் பார்வையாளர்களுக்கென்றே நடத்தும் இரவு நிகழ்ச்சி, அப்புறம் ஆய்வகமே வேண்டாம் என்று இருட்டான வெளியில் போய்ப் படுத்துக்கொள்வது.

மலை உச்சி ஜாம்பவான்கள்

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 2,635 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பரனால் ஆய்வகம். ஒவ்வொன்றும் 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள். பொதுமக்களை அங்கே அனுமதிப்பது சனிக்கிழமைகளில், அதுவும் பகலில். ஸ்பெயினின் லா பால்மா தீவில் 10.4 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் மலையிலும் சுற்றிக்காட்டுவது பகலில்தான். கலிபோர்னியாவில் 1948இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற பாலோமார் 200 அங்குலத் தொலைநோக்கியைப் பகலில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

ராத்திரியில் ஏன் விடுவதில்லை? அது அவர்களுடைய வேலை நேரம். ஒரு காரின் முகப்பு விளக்கு தப்பான நேரத்தில் குவிமாடத்துப் பக்கம் திரும்பினால் யாரோ மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நேரம் வீண். அதைவிட முக்கியமான விஷயம், இந்தத் தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. கண்ணின் இடத்தில் கேமராவும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைக் கருவியும் உட்கார்ந்திருக்கும். 2025இல் முதல் படங்களை வெளியிட்ட, சிலியில் இருக்கும் ரூபின் ஆய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல் கொண்டது. அதற்குள் எட்டிப் பார்க்க வானியலாளருக்கே வழியில்லை. அவர்களும் ஒரு அறையில் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், பல நேரம் வேறொரு கண்டத்தில்.

ஆக, நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பட்டப்பகலில் ஒரு பிரம்மாண்டமான இயந்திரம். இயந்திரப் பைத்தியமாக இருக்கும் பிள்ளைக்கு அது சொர்க்கம்தான். அவ்வளவு எடையைச் சத்தமில்லாமல் எப்படித் திருப்புகிறார்கள் என்று வழிகாட்டி விளக்கினால் வாயைப் பிளந்து கேட்கும். அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் தாராளமாகப் போங்கள். வானம் பார்க்கும் ராத்திரிக்கு மட்டும் வேறு இடம் தேடிக்கொள்ளுங்கள்.

உயரம் இன்னொரு தலைவலி. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தலை வலிக்கும். ஹவாயின் மௌனா கேயா உச்சி 4,207 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 40 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. 13 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயும் நுரையீரல் கோளாறும் உள்ளவர்கள் உச்சிக்குப் போக வேண்டாம் என்பது அங்கே எழுதிவைத்த அறிவுரை. முந்தைய 24 மணி நேரத்தில் ஆக்சிஜன் உருளையோடு கடலில் மூழ்கியவர்களும் ஏறக் கூடாது. தீவுக்குச் சுற்றுலா வந்தவர்கள் காலையில் கடல், மாலையில் மலை என்று திட்டம் போடுவது சகஜம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். லடாக்கின் ஹான்லே 4,500 மீட்டர், அதைவிட உயரம். வழியில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் அங்கே போகவே கூடாது.

ஊருக்குள் இருக்கும் பழைய குழாய்கள்

இப்போது யாரும் பொருட்படுத்தாத இரண்டாவது வழிக்கு வருவோம். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான்.

நகரத்து வெளிச்சத்தில் என்ன தெரியப்போகிறது என்பது நியாயமான சந்தேகம். வெளிச்சம் கெடுப்பது மங்கலாகப் பரந்து கிடப்பவற்றை: பால்வீதி, நெபுலாக்கள் என்கிற வாயு மேகங்கள், தொலைதூர விண்மீன் மண்டலங்கள். நிலா, வியாழன், சனி இவையெல்லாம் தெருவிளக்கைப் பற்றிக் கவலையே படாத பிரகாசம் உள்ளவை. இரட்டை விண்மீன்களும் அப்படித்தான். சிக்னஸ் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் அல்பிரியோ என்று ஒன்று உண்டு. வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி, தொலைநோக்கியில் பொன் நிறத்தில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் பிடிப்பவை எல்லாம் ஏறக்குறைய இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸின் வெளிச்சக் காட்டுக்கு நடுவே 1935இல் திறந்த க்ரிஃபித் ஆய்வகம் இதற்கு நல்ல சாட்சி. அது தொடக்கத்திலிருந்தே பொதுமக்களுக்கானது. அங்கே இருக்கும், ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்த 12 அங்குலத் தொலைநோக்கியில் இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கட்டணம் இல்லாமல். லண்டனின் கிரீனிச்சில் 1893ஐச் சேர்ந்த 28 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. மேகம் மூடினாலும் பகலில் அங்கே போட்டிருக்கும் பூஜ்ய தீர்க்கரேகைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்ற திருப்தி மிஞ்சும். கலிபோர்னியாவின் லிக் ஆய்வகம் மலை மேல் இருந்தாலும் இதே வகைதான். 1888இல் வந்த 36 அங்குலத் தொலைநோக்கியின் அடியில், அதற்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் லிக்கையே புதைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிப் பாருங்கள், பத்து வயதுப் பிள்ளை சனியை மறந்துவிட்டுக் கல்லறையைத் தேடும்.

பெரிய கண்ணாடியும் வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 1908ஐச் சேர்ந்த 60 அங்குலமும், அண்டம் விரிவடைவதற்கான அளவீடுகளை வானியலாளர் எட்வின் ஹபிள் எடுத்த 100 அங்குலமும் இன்று குழுவாக முன்பதிவு செய்து வருகிறவர்களின் கண்ணுக்குத் திறந்திருக்கின்றன. கீழே லாஸ் ஏஞ்சலஸ் வளர்ந்து வானத்தை வெளுக்க வைத்ததால் மங்கலான பொருட்களைத் துரத்தும் ஆராய்ச்சி வேறு மலைகளுக்குப் போய்விட்டது, நமக்கு லாபம்.

சனி பற்றி ஒரு வார்த்தை. அதன் வளையங்கள் 2025 மார்ச்சில் நம் பார்வைக்கு விளிம்பாகத் திரும்பி ஏறக்குறைய மறைந்தே போயின. இப்போது மெல்ல விரிந்துகொண்டு வருகின்றன; அடுத்த சில வருடங்களில் ஒவ்வொரு பருவமும் முந்தையதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் சனி எப்போதும் மாலை வானத்தில் இருப்பதில்லை. போகிற மாதத்தில் மாலையில் சனியா, வியாழனா, இரண்டுமே இல்லையா என்று கைபேசியில் ஏதாவது ஒரு வான வரைபடச் செயலியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுங்கள்.

இங்கே குறை என்றால் வரிசைதான். ஒரே தொலைநோக்கி, முன்னால் 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 40 நிமிடம் போய்விடும். திறந்தவுடனே போனால் பாதி குறையும். அல்லது பெரியவர்களில் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளைகளைக் கண்காட்சிக் கூடத்தில் சுற்றவிடலாம்.

அப்புறம், கண் வைப்பது பெரியவர்கள் நினைக்கிற மாதிரி எளிதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது. ஏணியில் ஏற்றிவிட்டதும் இரண்டு கையாலும் கண்வில்லையைப் பிடித்துக்கொள்ளும், தொலைநோக்கி அசையும், காட்சி வெளியே போய்விடும். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினாலே வெறும் கறுப்புதான். "தெரியுதா?" என்றால் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு "தெரியுது" என்று சொல்லி இறங்கிவிடும், ஒன்றும் பார்த்திருக்காது. அதனால் "தெரியுதா" என்று கேட்காமல் "வளையம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு அரை நிமிடம் வேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லலாம், கொடுப்பார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கண்ணை நீங்கள் உங்கள் உள்ளங்கையால் மூடிவிட்டால் வேலை சுலபம். ஹோட்டல் அறையிலேயே காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி கூட வந்தால் ஏணியைப் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். நீளமான பழைய தொலைநோக்கிகளில், பார்க்கிற பொருள் தாழ்வாக இருக்கும்போது கண்வில்லை உயரத்துக்குப் போய்விடும். கண்ணாடி போட்டவர்கள் தூரப்பார்வை, கிட்டப்பார்வைக்காகப் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், குவியத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். சிதறல் பார்வைக்கான கண்ணாடி என்றால் போட்டுக்கொண்டு பார்ப்பதே நல்லது. குவிமாடத்துக்குள் சூடேற்றியிருக்க மாட்டார்கள், உள்ளே வெப்பம் இருந்தால் காற்று அலைந்து படம் நடுங்கும். வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான் உள்ளேயும்.

இருட்டில் நடக்கும் இரவு நிகழ்ச்சி

அமெரிக்காவின் கிட் பீக், டெக்சாஸின் மெக்டொனால்ட், நியூசிலாந்தின் மவுண்ட் ஜான் போன்ற இடங்களில் ஆராய்ச்சித் தொலைநோக்கிகளுக்குப் பக்கத்திலேயே பார்வையாளர்களுக்கென்று தனித் தொலைநோக்கிகள் வைத்து ராத்திரியில் காட்டுகிறார்கள். நல்ல இருட்டும் கண்வில்லையும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான். மவுண்ட் ஜானைச் சுற்றியிருக்கும் பகுதியை 2012இலேயே இருள் வானக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். பூமியின் வடபாதியிலிருந்து போகிறவர்களுக்கு, தங்கள் ஊரில் தலைகாட்டாத, அல்லது அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும் மெகல்லன் மேகங்கள் என்கிற இரண்டு சிறு விண்மீன் மண்டலங்கள் அங்கே வெறும் கண்ணுக்கே தெரியும்.

பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இதுதான் சரியான இடம். அதற்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை கைபேசியை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பம், உங்களுக்கு மட்டுமில்லை, சுற்றி நிற்பவர்களுக்கும். பாதியில் தூக்கம் வந்து அழுதால் கிளம்பிவிடலாம் என்றும் நினைக்க முடியாது. வெளிச்சக் கட்டுப்பாட்டுக்காக நிகழ்ச்சி முடியும்வரை வண்டியை எடுக்க விடாத இடங்கள் உண்டு. வேறு சில இடங்களில் போவதும் வருவதும் அவர்களுடைய பேருந்தில்தான். குறைந்தபட்ச வயது விதியும் பல இடங்களில் இருக்கிறது, முன்பதிவுக்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

கோடை விடுமுறையில் இன்னொரு சிக்கல். பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக இருட்டு தாமதமாகும். லண்டன், பாரிஸ் இருக்கும் அட்சரேகைகளில் ஜூன் பிற்பகுதியில் வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளையோடு அந்த நேரத்தில் அங்கே இரவு நிகழ்ச்சிக்குப் பணம் கட்டுவது வேண்டாத வேலை.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். ஓரியன் நெபுலாவை இளஞ்சிவப்பும் நீலமுமாகப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறோம். கண்வில்லையில் அது சாம்பல் நிறப் புகை, சிலருக்கு லேசான பச்சை. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரை செல்களுக்கு நிறம் தெரியாது, அவ்வளவுதான். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் அதே புகை நன்றாக விரியும். அந்தச் செல்கள் பார்வையின் நடுவில் இல்லாமல் ஓரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கேமரா இணைத்த தொலைநோக்கியில் எடுத்துத் திரையில் நிறத்தோடு காட்டுகிற நிகழ்ச்சிகளும் இப்போது இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளும் மூட்டுவலிக்காரர்களும் ஏணி ஏறாமல் பார்க்க அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் திரையில் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன் என்று எனக்குத் தோன்றும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திலிருந்து 25 லட்சம் வருடங்களுக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் நேராக நம் கண்ணில் விழட்டுமே. "கண்ணால் பார்ப்பதா, திரையில் பார்ப்பதா" என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆய்வகமே வேண்டாம் என்றால்

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இதுதான் நிம்மதி. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மில்லிமீட்டர்), விரிக்க ஒரு பாய், பால்வீதி தெரிகிற அளவு இருட்டு. பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், அழுதால் கிளம்பலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தொலைநோக்கியைவிட பைனாகுலரில்தான் அழகு. முழுக் கூட்டமும் ஒரே பார்வையில் அடங்கும். கையை எங்காவது ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். சனியின் வளையம் மட்டும் தெரியாது, அதற்குத் தொலைநோக்கி வேண்டும். உள்ளூர் வானியல் ஆர்வலர் சங்கம் அந்த வாரம் எங்காவது கூடுகிறதா என்றும் தேடிப் பாருங்கள். தங்கள் தொலைநோக்கிகளை வரிசையாக வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். தெரியாத ஊரில் நடு ராத்திரி, நடமாட்டமில்லாத சாலையோரம் என்பதை மட்டும் பகலிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிலா சொல்லும் முடிவு

பயணத் தேதியைத் தீர்மானிப்பது பள்ளி விடுமுறையும் அலுவலக விடுப்பும். நிலாவுக்கேற்ப அதை நகர்த்த முடிகிறவர்கள் குறைவு. அதனால் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுவதுதான் வழி.

நீங்கள் அங்கே இருக்கும் நாட்கள் வளர்பிறை சதுர்த்தியிலிருந்து தசமி வரைக்குள் வந்தால் ஊருக்குள் இருக்கும் பொது ஆய்வகம். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வந்தால் யோசிக்கவே வேண்டாம். அன்று நிலா மாலையில் உயரத்தில் நிற்கும், பாதி வெளிச்சம் பாதி இருட்டு. அந்த எல்லைக் கோட்டில் சூரிய ஒளி சாய்வாக விழுவதால் பள்ளங்களின் விளிம்பு நிழலோடு துருத்திக்கொண்டு தெரியும். மலை உச்சி மட்டும் ஒளிபட்டுத் தனிப் புள்ளியாக மிதக்கும். எட்டு மணிக்கெல்லாம் பார்த்து முடித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடலாம். பௌர்ணமி நிலா பார்க்க அழகு, தொலைநோக்கியில் சப்பை, நிழலே இருக்காது. அஷ்டமி நிலாவைவிட அது சுமார் பத்து மடங்கு பிரகாசம் என்பதால் மற்ற எல்லாவற்றையும் அழித்தும் விடும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் இருட்டு இடத்து நிகழ்ச்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த நாட்களில் பகல் சுற்றுலா போகலாம். பல ஆய்வகங்களில் பகலில் முறையான வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகளைக் காட்டுவார்கள். தூங்கும் நேரம் பற்றிய கவலை இல்லாத வானியல் அது ஒன்றுதான். வடிகட்டி இல்லாத பைனாகுலரைச் சூரியன் பக்கம் பிள்ளைகள் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் போய்விடும்.

தேய்பிறை சஷ்டிக்குப் பிறகு நிலா எழவே நேரமாகும், மாலை வானம் இருட்டாகக் கிடைக்கும். அங்கிருந்து அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை இருட்டு இடங்களின் காலம். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் இரவு நிகழ்ச்சி, இல்லாவிட்டால் பாயும் பைனாகுலரும். இந்த நாட்களில் சிறு பிள்ளைகளோடு ஊருக்குள் இருக்கும் ஆய்வகத்துக்குப் போவது, வியாழனோ சனியோ மாலையில் இருந்தால் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் மேகம் ஒரு பக்கம் இருக்கிறது. மேகம் மூடினால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா, அல்லது உள்ளே உட்காரவைத்துப் படம் போட்டு அனுப்பிவிடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த ஊரில் மூன்று ராத்திரி தங்குவதாக இருந்தால் கடைசி ராத்திரிக்குப் பதிவு செய்யாதீர்கள். முதல் ராத்திரியோ இரண்டாவதோ எடுத்தால் மாற்றிக் கேட்க இடம் இருக்கும். நேர மண்டலம் தாண்டி வந்த களைப்பில் பிள்ளைகள் அகால வேளையில் முழித்துக்கொண்டு கிடப்பதும் முதல் இரண்டு ராத்திரிகளில்தான். அந்த ஒரு நாள் அது நமக்குச் சாதகம்.